தினைக்காவலும் கைரேகையும்

கற்பனை உலகங்களின் வரலாறு – 14

1974 சனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து மூன்று மெல்லிய புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்த கதையையும், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் பகடையின் கையில் பாத்திரங்களின் தலைவிதியை ஒப்படைத்த விதத்தையும் சென்ற பகுதியில் பார்த்தோம். இப்போது அந்தப் பெட்டிக்குள் இருந்த மனிதர்களிடம் வருவோம். அவர்கள் மூன்றே வகை: வாளெடுத்த வீரர், மந்திரம் கற்றவர், தெய்வத்தின் பெயரால் செயல்படும் சமயகுரு. ஆட வருகிறவர் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எந்த ஆயுதத்தைப் பிடிக்கலாம், எந்தக் கவசத்தை அணியலாம், எதைக் கற்கலாம், எவ்வளவு தூரம் உயரலாம் என்பதெல்லாம் அந்தத் தேர்வோடு முடிவாகிவிடும். விளையாடுகிறவர்கள் 'கிளாஸ்' என்று சொல்லும் பாத்திர வகை இதுதான்.

மூன்றில் சமயகுரு பிறந்த விதம் அழகானது. 1971 முதல் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் ஆர்னசன் தம் நண்பர்களோடு 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை நடத்திவந்தார். அதில் ஒருவருடைய பாத்திரம் இரத்தம் குடிக்கும் பேயாக மாறிவிட்டது. சர் ஃபாங் என்று அதற்குப் பெயர். நாளுக்கு நாள் அது வலுத்தது. எதிர்த்து நிற்க ஆளில்லை. அப்போதுதான் இன்னொரு நண்பர், டிராகுலா படங்களில் பேயை வேட்டையாடும் வான் ஹெல்சிங்கைப் போல, பேயோட்டும் ஆயராக வந்து சேர்ந்தார். நாட்டில் ஒரு கேடு விளைந்தது, அதைத் தீர்க்க ஒருவர் எழுந்தார், அவர் செய்த வேலை நிலைத்து ஒரு வகையாகிவிட்டது.

பெட்டி உலகமெங்கும் போனபோது சர் ஃபாங் கூடப் போகவில்லை. கூர்மையான ஆயுதம் தொடாத, பேய்களை விரட்டுகிற குரு மட்டும் போனார். எந்த நாட்டுக்கு, எந்தக் கேட்டுக்கு விடையாக அவர் வந்தார் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது. அவரவர் தாங்கள் கட்டிய நாட்டில் அவருக்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். நிலம் முதலில் வந்து மனிதர் அதிலிருந்து முளைப்பதற்குப் பதிலாக, மனிதர் பட்டியல் முதலில் வந்து அதற்கேற்ப நிலம் தேட வேண்டிய நிலை. இந்த வகை விளையாட்டுகளின் ஐம்பதாண்டு வரலாற்றில் பாதி, இந்தத் தலைகீழ் நிலையைச் சரிசெய்யப் பலரும் எடுத்த முயற்சிதான் என்று நான் நினைக்கிறேன்.

அதைப் புரிந்துகொள்ள லேக் ஜெனீவாவைவிடப் பொருத்தமான இடம் சேலத்துக்கு வடக்கே நிற்கிறது. சேர்வராயன் மலைத்தொடர். ஏற்காட்டை நாம் ஏரி, படகு, கோடை விழா என்றே அறிவோம். ஆனால் உலகம் கட்ட நினைக்கும் எவருக்கும் அந்த மலை ஒரு பாடசாலை. இன்னார் இன்ன வகை என்று மனிதர்களைப் பிரிக்கும் பட்டியல்கள் அந்த மலைநாட்டின்மீது ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் விரித்தவர் வேறு, நோக்கம் வேறு.

முதல் பட்டியல் மிகப் பழையது. தொல்காப்பியம் உலகத்தை எழுத்தில் கட்டுவதற்கு ஒரு முறை வகுத்தது. முதலில் நிலமும் பொழுதும். அதன்மேல் கருப்பொருள்: அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். அதற்கும் மேலே உரிப்பொருள், அதாவது அந்த நிலத்தில் நிகழத்தக்க மனநிலை. இந்த அடுக்கில் மனிதர் எங்கே நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். குறிஞ்சி என்றால் மலை, மலையில் விளைவது தினை, தினைக்குக் கிளி வரும், கிளியை ஓட்ட ஆள் வேண்டும், அதனால் தினைக்காவல், அதனால் குறவர் மகள் பகலெல்லாம் புனத்தில், அதனால் அங்கே அவளைச் சந்திக்க ஒருவன் வருகிறான். மலையிலிருந்து காதல் வரைக்கும் இடையில் ஒரு கண்ணிகூட அறவில்லை. பாத்திரத்தின் தொழிலை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. கிளி வராத நாட்டில் தினைக்காவலுக்கு வேலையே இல்லை.

விளையாட்டுக் கலையில் இன்று பெருமுயற்சியோடு எட்டப்படும் இடம் இது. 1974 பெட்டியில் வீரன் எந்த நாட்டிலும் வீரனே. திணை உலகத்தில் வில் பிடித்தவன் மலையில் வேட்டுவன், வறண்டு வெந்த பாலையில் ஆறலைக்கும் எயினன். கையில் இருப்பது ஒரே வில்; நிலம் மாறினால் அவன் யார் என்பதே மாறிவிடுகிறது. ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்துக்குள் வந்து கலப்பதற்கும் இலக்கணம் இடம் கொடுத்திருக்கிறது. பின்னாளில் விளையாட்டு விதிகளில் ஒரே பாத்திரம் இரண்டு வகைகளைக் கலந்துகொள்ளப் பல பக்கங்களுக்கு விதி எழுத நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு, திணை மயக்கம் எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு என்பது விளங்கும்.

ஆற்றுப்படை நூல்களையும் இங்கே சேர்க்கலாம். பாணர், கூத்தர், பொருநர், விறலியர். பரிசில் பெற்று வரும் ஒருவர், பசியோடு எதிரே வரும் தம்மைப் போன்ற ஒருவருக்கு வழி சொல்கிறார்: எந்தக் காட்டைக் கடக்க வேண்டும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், இறுதியில் எந்த வள்ளல் இருப்பான். பயணத்தில் கிடைக்கும் விருந்தோம்பல் நிலத்துக்கு நிலம் மாறுகிறது. சேர்வராயனுக்கு வடக்கே தகடூரில் அதியமான், தெற்கே கொல்லிமலையில் வல்வில் ஓரி. நடுவே நிற்கும் இந்த மலையைச் சுற்றி எத்தனை பாணர்கள் நடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு எப்போதும் ஆசை உண்டு.

ஆனால் நம் பழைய பட்டியலைக் குறையற்றது என்று போற்றிவிட மாட்டேன். அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாக நிற்கும் தகுதியை இலக்கணம் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. அடியோரையும் ஏவல் செய்வோரையும் அது ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் ஒதுக்கியது. உரிமையற்று உழைத்தவனின் காதலுக்கு நடு அரங்கில் இடமில்லை. மரபியலில் அந்தணருக்கும் அரசருக்கும் இன்னின்ன சின்னங்கள் உரியவை என்ற பட்டியலும் இருக்கிறது. விளையாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு வகைக்கும் அனுமதிக்கப்பட்ட பொருள்களின் அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் அதுவே எனக்கு நினைவு வரும். யாருக்கு எது கூடாது என்று சொல்லாமல் எந்தப் பட்டியலும் பட்டியலாவதில்லை. உலகம் கட்டுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதை.

இரண்டாவது பட்டியலை மலையில் வாழ்கிறவர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள், கதையாக. சேர்வராயனின் பெரும்பான்மைப் பழங்குடியினர் மலையாளிகள். கேரளத்தோடு தொடர்பில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் அந்தப் பெயர், பேச்சு தமிழ், பெயரோடு கவுண்டர் பட்டம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்பது அவர்களுடைய வழக்கு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். மூத்தவர் சேர்வராயனிலும், இரண்டாமவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினார்கள். பெரிய மலையாளி, பச்சைமலை மலையாளி, கொல்லிமலை மலையாளி என்ற பிரிவுகள் அதிலிருந்து வந்தவை.

கதையின் கட்டமைப்பைப் பாருங்கள். சமவெளியில் ஏர் பிடித்த ஒரு குலம் மலையேறுகிறது. மலை அவர்களை மாற்றுகிறது. மாடு இழுக்க முடியாத சரிவில் கொத்துக்காடு, சமமான இடத்தில் உழவுக்காடு. சாமை, தினை, கேழ்வரகு. மூன்று மலைகள் மூன்று வகை மக்களை உண்டாக்கிவிடுகின்றன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எந்த மலையில் ஏறினார்களோ அந்த மலையின் மக்களாகிறார்கள். மருதத்தில் இருந்தவர் குறிஞ்சிக்கு வந்தால் குறிஞ்சியாராகிவிடுவார் என்பதை, தொல்காப்பியத்தைத் தொடாமலே, ஒரு குடும்பக் கதையாகச் சொல்லிவிட்டார்கள். சேர்வராயனுக்குள்ளேயே நாடு என்ற பிரிவுகள், ஒவ்வொரு ஊருக்கும் மூப்பன், வழக்கைத் தீர்க்க ஊர்க்கூட்டம் என்று ஓர் ஒழுங்கு வளர்ந்தது.

ஏட்டில் குறிஞ்சித் தெய்வம் சேயோன். இந்த மலையின் உச்சியில், சுமார் 5,300 அடி உயரத்தில், குகைக்குள் இருப்பவர் சேர்வராயன், அருகே காவேரியம்மன். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலையூர்கள் அத்தனையும் திரண்டு வரும். மலைக்கு ஆற்றோடு மணம் செய்துவைத்த மக்களின் கற்பனையை எந்த இலக்கண நூலும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. உலகம் கட்டுகிறவர் விதியிலிருந்து விலக வேண்டிய இடம் எது என்று கேட்டால் இந்தக் குகையைக் காட்டுவேன்.

மூன்றாவது பட்டியல் காப்பிச் செடியோடு ஏறியது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார்; கிரேஞ்ச் தோட்டம் அவரோடு சேர்த்துப் பேசப்படுவது. பின்னால் வந்த பத்தாண்டுகளில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அடுத்தடுத்துச் சரிவுகளைப் பிடித்தார்கள். காப்பி ஒரு தனிச் செடியாக வரவில்லை, தனக்கு வேண்டிய மனிதர்களை உடன் அழைத்துக்கொண்டு வந்தது: பங்களாவில் துரை, கணக்கெழுத ரைட்டர், ஆள் பிடிக்கவும் வேலை வாங்கவும் கங்காணி, மேஸ்திரி, பழம் பறிக்கவும் கவாத்து செய்யவும் கூலிகள். கூலிகளில் சமவெளியிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள், நேற்றுவரை அதே சரிவில் சாமை விதைத்த மலையாளிகளும் இருந்தார்கள்.

நான் இந்தத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விஷயத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஒரு புதிய பயிர் நடப்பட்டது. முப்பது நாற்பது ஆண்டுகளில் மலையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கே விடை மாறிப்போனது. மூப்பனின் சொல் அவருடைய ஊரில் செல்லுபடியானது, தோட்டத்தின் வேலிக்குள் செல்லாது. அங்கே ரைட்டரின் பேரேட்டில் விழும் ஒரு கோடுதான் அன்றைய கூலியைத் தீர்மானித்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தபின் இன்னொரு வகை சேர்ந்தது: காக்கி உடுத்த வனக்காவலர், அவருக்கு மேலே ரேஞ்சர். அமெரிக்க விளையாட்டில் 1975இல் ரேஞ்சர் என்ற வகை சேர்க்கப்பட்டபோது, அவர் காட்டின் நண்பர், தடம் பார்த்து நடப்பவர், எளியவர்களுக்குக் காவல். நம் மலைகளில் வாழ்கிற பலருக்கு ரேஞ்சர் என்றால், தாத்தா தேனெடுத்த மரத்தடிக்குப் போகாதே என்று சொல்லும் அதிகாரி. கற்பனைக் காட்டிலும் உண்மைக் காட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இவருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தவர் யார், யாரிடமிருந்து எடுத்துக் கொடுத்தார்?

நான்காவது பட்டியல் தாளில் மட்டும் இருந்தது. விளைவில் எல்லாவற்றையும் விஞ்சியது. 1871இல் சென்னை மாகாணத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. சாதி, தொழில், சமயம் என்று கட்டம் கட்டமாக ஆட்கள் நிரப்பப்பட்டார்கள். 1883இல் லெ ஃபனு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய மாவட்ட விவரச் சுவடி, இடையே 1909இல் எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும். தர்ஸ்டன் அளவுகோலோடு அலைந்தவர். மக்களின் உயரம், தலையின் நீள அகலம், மூக்கின் அளவு எல்லாவற்றையும் எண்ணாக்கி அட்டவணையிட்டார். ஆறு குணங்களுக்குப் பகடை உருட்டி எண் போட்டுக்கொள்ளும் விளையாட்டுத் தாளைப் பார்க்கும்போது அந்த அட்டவணைகள் என் கண்முன் வருகின்றன. விளையாட்டில் அந்த எண் ஒரு மாலைப்பொழுதுக்கு. இங்கே ஒருவரின் பிறவிக் குணமாகவே எழுதப்பட்டது.

இனி குறவர்களிடம் வர வேண்டும், ஏனென்றால் முதல் பட்டியலில் மலையின் மைந்தர் அவர்களே. வள்ளி பிறந்து வளர்ந்த குலமாகப் போற்றப்பட்டவர்கள். பின்வந்த குறவஞ்சி இலக்கியத்தில் மலைவளம் சொல்லி, கைபார்த்துக் குறி சொல்லி, தலைவியின் மனத்தை அறிந்தவளாக நடு அரங்கில் நின்றவள் குறத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அந்தப் பெயரைத் தாங்கிய சேலம் வட்டாரத்து மக்களில் ஒரு பிரிவினர் எருதுகளிலும் கழுதைகளிலும் உப்பையும் தானியத்தையும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே நடந்து வணிகம் செய்தார்கள். உப்புக் குறவர் என்ற பெயர் அதனால். ஊர் ஊராகப் பழகிய, எல்லா வழியும் தெரிந்த, எல்லோருக்கும் தேவைப்பட்ட மக்கள்.

அவர்களுடைய வாழ்வு எப்படிச் சரிந்தது என்பதை மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அரசின் உப்புக் கொள்கை வணிகத்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்கியது. ரயில்பாதை வந்ததும் பொதிமாட்டுக்கு வேலை குறைந்தது. வனச் சட்டம் மேய்ச்சலையும், மூங்கிலும் இலையும் சேகரிப்பதையும் மறித்தது. மூன்று அடியும் அரை நூற்றாண்டுக்குள் விழுந்தன. அதற்குப் பிறகும் அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த வாழ்க்கை அதுதான். ஆனால் சரக்கில்லாமல் நடப்பவரை அரசு சந்தேகத்தோடு பார்த்தது. 1871இல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களில் பல பிரிவினர் அதன்கீழ் பட்டியலிடப்பட்டார்கள். பதிவு, கைரேகை, குறித்த நேரத்தில் காவல் நிலையத்தில் ஆஜர், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு. நம் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அது ஒழிந்தது. சேலம் மேல்நாடு கொறவர், சேலம் உப்பு கொறவர் என்ற பெயர்கள் தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் உள்ளன.

திருடன் என்ற பாத்திர வகையை விளையாட்டுக்காரர்கள் மிகவும் நேசிப்பார்கள். 1975இல் 'கிரேஹாக்' என்ற துணைநூல் வழியாக அது வந்தது. பூட்டைத் திறப்பது, சுவரேறுவது, நிழலில் மறைவது. அதே விதிகளில் இன்னொன்றும் இருந்தது. மனிதரல்லாத குள்ளர், எல்ஃப், ஹாபிட் போன்ற இனங்களுக்கு வளர்ச்சியில் உச்சவரம்பு உண்டு. முதல் பெட்டியிலேயே ஹாபிட் வீரனாக நான்காம் படிக்குமேல் போக முடியாது. குள்ளன் ஆறாம் படிக்குமேல் போக முடியாது. மனிதனுக்கு வரம்பே கிடையாது. திருடன் வகை வந்தபோது அதில் மட்டும் இந்த இனங்களுக்கு வரம்பு வைக்கப்படவில்லை. வீரத்தில் உயர முடியாதவன் களவில் எவ்வளவு வேண்டுமானாலும் உயரலாம்.

எழுதியவர்கள் இதை ஆட்டச் சமநிலைக்காக எழுதினார்கள். மனிதப் பாத்திரத்தை யாரும் எடுக்காமல் போய்விடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. அதை ஏற்கிறேன். ஆனால் சேலத்து வரலாறு தெரிந்த ஒருவர் அந்த விதியைப் படித்தால் அதில் ஒரு முழு உலகமே தெரியும். நேர்வழிகள் எல்லாம் பிறப்பால் அடைக்கப்பட்டு, ஒரே வாசல் திறந்துவைக்கப்பட்டு, அதன்வழியே நுழைந்தவரைப் பார்த்து இவர்கள் பிறவியிலேயே இப்படி என்று சொல்லும் உலகம். அந்த உலகத்தைத் தெரிந்தே கட்டியிருந்தால் அது மகத்தான கற்பனையாகியிருக்கும். யார் இந்த வரம்பை வைத்தார்கள், ஹாபிட் ஊர்களில் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள், எதிர்த்து எழுந்தவர் உண்டா என்று ஆயிரம் கதைகள் கிளைத்திருக்கும். புத்தகம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வரம்பு ஓர் அட்டவணையாக 1978 பதிப்பிலும் தொடர்ந்து, 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் நீக்கப்பட்டது. 2024 பதிப்பில் இனம் என்ற சொல்லையே கைவிட்டு உயிரினம் என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறினார்கள்.

இடையில் வேறு பாதை பிடித்தவர்கள் உண்டு. 1977இல் வந்த 'டிராவலர்' வகைகளைத் தூக்கி எறிந்து, பாத்திரத்துக்கு முன்வாழ்க்கை கொடுத்தது. கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணிசெய்து, கற்று, மூத்து, பிறகே ஆட்டத்துக்குள் நுழைய வேண்டும். நுழையும் முன்பே இறந்தும் போகலாம். 1978இல் 'ரூன்க்வெஸ்ட்'. கிரெக் ஸ்டாஃபர்ட் பல ஆண்டுகளாக மனத்தில் வளர்த்த குளோராந்தா என்ற உலகத்தில் அது நடந்தது. அங்கே ஒருவர் யார் என்பதை அவர் பிறந்த பண்பாடும் வழிபடும் தெய்வமும் தீர்மானிக்கும். 1984இன் 'டிராகன்லான்ஸ்' மந்திரவாதிகளை வெள்ளை, சிவப்பு, கறுப்பு அங்கி என்று மூன்று அணிகளாக்கி அவர்களுக்கென ஓர் அமைப்பையும் தேர்வையும் வைத்தது.

எல்லாவற்றிலும் என் மனத்தைப் பிடித்தது 1991இல் வந்த 'டார்க் சன்'. வறண்ட உலகம். அங்கே மந்திரத்துக்கு வேண்டிய ஆற்றல் செடிகொடிகளின் உயிரிலிருந்து வருகிறது. பொறுப்பில்லாத மந்திரவாதி ஒரு மந்திரம் சொன்னால் சுற்றிலும் உள்ள பச்சை சாம்பலாகும், மண் மலடாகும். உலகம் பாலையானதே அப்படித்தான். மண்ணைக் காத்து மந்திரம் செய்கிறவர்களும் உண்டு, அவர்கள் மெதுவாகவே வளர்வார்கள். கடவுள்கள் இல்லாத உலகம் என்பதால் பூசாரிகள் நீர், நெருப்பு, காற்று, நிலத்தைத் தொழுகிறார்கள். முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்று நம் முன்னோர் கண்ட காட்சியை, அறியாமலே, ஒரு பாத்திர விதியாக மாற்றிய படைப்பு அது. ஒருவருடைய ஆற்றலுக்கு நிலம் என்ன விலை கொடுக்கிறது என்று கேட்ட விளையாட்டு எனக்குத் தெரிந்து அதற்கு முன்பு இல்லை. சேர்வராயன் உச்சியில் பாக்ஸைட்டுக்காக வெட்டப்பட்ட செம்மண் திட்டுகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாசக நண்பர்கள் சிலர், தமிழ் நிலத்தை வைத்து இப்படி ஒரு விளையாட்டு எழுதுவதெப்படி என்று கேட்டு எழுதியிருந்தார்கள். சேர்வராயனையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். காலம் காப்பி வந்து சில பத்தாண்டுகள் கழிந்த காலம். வீரன், மந்திரவாதி, திருடன் என்று தொடங்காதீர்கள். கொத்துக்காட்டுக்காரர், மூப்பன், சேர்வராயன் கோயில் பூசாரி, உப்பு வணிகர், கங்காணி, ரைட்டர் என்று தொடங்குங்கள். ஒவ்வொருவரின் ஆற்றலும் எதிலிருந்து வருகிறது, எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்று எழுதுங்கள். மூப்பனின் சொல் தன் ஊருக்குள் யாரையும் கட்டும். மலையடிவாரத்தில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். ரைட்டரிடம் ஆயுதமில்லை; ஆனால் அவர் எழுதும் தாளில், அதைப் படிக்கத் தெரியாத ஒருவர் பெருவிரல் வைத்தால் ஒரு சரிவே கைமாறிவிடும். அந்த உலகத்தின் மிக வலிய மந்திரம் அதுதான். உப்பு வணிகருக்கு எல்லா வழியும் தெரியும், எல்லா ஊரிலும் சோறு உண்டு. ஆனால் சமவெளியில் தண்டவாளம் நீள நீள ஒவ்வொரு அமர்விலும் அவருடைய ஆற்றல் ஒரு படி குறையும். காலாவதியாகும் பாத்திர வகை ஒன்றை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அதை ஆடும் ஒருவர், வரலாற்றுப் பாடத்தில் நான்கு வரியாகக் கடந்துபோன ஒன்றை மூன்று மணி நேரம் உடம்போடு உணர்வார். எனக்கு இந்த விளையாட்டுகள்மீது உள்ள பற்றுக்கு அடிப்படையே இந்த வாய்ப்புதான்.

பட்டியல்களின் கதை இன்னும் நிற்கவில்லை. இன்று ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் உள்ள மலையாளிகள் என்று பட்டியல் மாவட்டத்தின் பெயர் சொல்லி நிற்கிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலைகளிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். ஈரோடு, கோவை மாவட்டத்திலிருந்து 1979இல் பிரிந்தது. கோவையின் பெயர் அந்த வரியில் இல்லை. அதனால் பர்கூரில் பிறந்தவருக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில்லை, பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரியண்ணன் கதையில் மலை மாறினால் மக்கள் மாறினார்கள். இங்கே மலையைத் தாண்டாமல், தாளில் வரைந்த ஒரு கோட்டால் மட்டும், ஒருவர் யார் என்பது மாறுகிறது.

அந்தக் கோடுகளைப் பற்றியே அடுத்த பகுதி. ஆர்னசன் தம் பிளாக்மூருக்கு வரைந்த முதல் வரைபடத்திலிருந்து தொடங்குவோம்.